வேற்றுலக உயிர்களும் பகவன் புத்தரின் தம்மமும்





இப்பௌர்ணமிக் கூட்டத்தில் விளக்கம் தருமாறு நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு வினாவை விடுத்திருக்கிறார்கள். இப்பூமியையன்றி வேறு கிரகங்களிலும் உயிர்கள் வாழ்கின்றன என்று நாளை மெய்ப்பிக்கப்படுமாயின், மதங்களின் கதி யாது? நாம் தழுவியுள்ள தம்மத்தின் கதி யாது? இதுவே அவர்கள் கேட்பது.

இது பொழுதுபோக்கிற்காகக் கேட்கப்பட்ட வினா அன்று. கடவுளின் பெயராலும், படைப்பின் பெயராலும், பிறப்பின் பெயராலும் தலைமுறை தலைமுறையாக மிதிக்கப்பட்டு, அவற்றை உதறிவிட்டுத் திரிசரணம் அடைந்த மக்கள் நாம். எந்த மதம் எந்த அடிப்படையின்மேல் நிற்கிறது என்று தட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைக் கொண்டு பிறருடைய மதத்தை மட்டும் தட்டிப் பார்த்து, நம்முடையதைத் துணியால் மூடி வைத்தல் நேர்மையாகாது. ஆதலின் இரண்டையும் பார்ப்போம்.

விஞ்ஞானம் கண்டதும் காணாததும்

விஞ்ஞானிகள் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நம் சூரியன் உறுப்பாயிருக்கும் பால்வீதி மண்டலத்தில் மட்டும் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத சூரியர்கள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அச்சூரியர்களையும் கிரகங்கள் சுற்றுமோ என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1995-ஆம் ஆண்டில் மிஷேல் மயோர், திதியே கெலோ என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வானியலறிஞர் இருவர், நம் சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றிவரும் கிரகத்தைக் கண்டறிந்தனர். அதன் பொருட்டு 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. அவ்வாறு உறுதி செய்யப்பட்ட கிரகங்களின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டில் 6,000-ஐ எட்டிவிட்டது.

அவற்றுள் ஒன்றிலேனும் உயிர் உண்டு என்று இன்னும் உறுதிப்படவில்லை. 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு கிரகத்தின் காற்றில், நம் பூமியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயு ஒன்றின் சாயல் தெரிவதாக 2025-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்; வேறு ஆராய்ச்சியாளர்கள் அச்சான்று போதாதென்று மறுத்தனர். அதே ஆண்டில், செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்து செல்லும் அமெரிக்க ஊர்தியொன்று கண்ட பாறையைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. சிறுத்தையின் புள்ளிகள் போன்ற குறிகள் அப்பாறைமேல் இருந்தன. பண்டைக் காலத்து நுண்ணுயிர்களால் அவை உண்டாகியிருக்கலாம். உயிரின் தொடர்பின்றியும் உண்டாகியிருக்கலாம். அறிஞர்கள் முடிவு கூறாமல் நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாததென்றும் கூறும் அந்த அடக்கம் நாம் பின்பற்றத் தக்கது.

ஆசை அறிவை முந்திக்கொண்டால் யாது நேரும் என்பதற்கும் செவ்வாயே சான்று. 1877-இல் இத்தாலிய வானியலறிஞர் ஸ்கியாபரெல்லி, செவ்வாயின்மேல் நீண்ட கோடுகளைக் கண்டதாக எழுதினார். அவர் ஓடைகள் என்ற பொருளில் கூறியதை ஆங்கிலத்தார் வெட்டப்பட்ட கால்வாய்கள் என்று கொண்டனர். அமெரிக்கராகிய பெர்சிவல் லோவெல், அறிவுடைய மக்கள் துருவத்துப் பனிநீரைப் பாய்ச்சுவதற்கு வெட்டிய கால்வாய்களே அவை என்று நூல்கள் இயற்றினார். 1965-இல் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படம் பிடித்தது. அப்படங்களில் கால்வாயும் இல்லை, வெட்டியவரும் இல்லை. பள்ளங்கள் நிறைந்த தரிசே இருந்தது. மனம் விரும்பியதையே கண் கண்டது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

எனினும், உயிர் இருக்கவியலாது என்று அடித்துக் கூறுவதும் தவறே. இதனைத் தங்கவயல் மக்கள் மற்றெவரினும் எளிதில் உணர்வார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிப்பில் தேங்கிய வெந்நீரில் வாழும் நுண்ணுயிரைப் பற்றி 2008-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அது சூரிய ஒளியை அறியாதது. பாறையிலுள்ள யுரேனியம் முதலியவற்றின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கும்போது உண்டாகும் வாயுவைக் கொண்டே உயிர் பிழைப்பது. ஒளி புகாத பாறைக்குள்ளும் உயிர் வாழுமாயின், வேறு கிரகத்துப் பாறைக்குள் வாழாதென்று எவ்வாறு துணிந்து கூறலாம்? நம் பாட்டன்மார் இறங்கி உழைத்த கோலார் தங்கவயலிலும், 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்திலேதான், அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்பொருள் முதன்முதல் கண்டறியப்பட்டது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பெருமை மூடப்படவில்லை. வானத்தை அறிவதற்கு மலையுச்சிக்கு ஏறுவதேயன்றிப் பூமிக்குள் இறங்குவதும் வழியாகும் என்று உலகம் கற்றுக்கொண்ட இடம் நம்முடையது.

படைப்பு மதங்களுக்கு நேரும் இடர்

வேற்றுலக உயிர் என்னும் செய்தி, படைப்போன் ஒருவன் உண்டென்னும் மதங்களை ஏன் கலங்கச் செய்கிறது? அவை இப்பூமியை நடுவில் வைத்தன. அதன்மேல் மனிதனை வைத்தன. அம்மனிதனுக்காகவே மற்றவை யாவும் படைக்கப்பட்டன என்றன. மீட்பர் ஒருவர் ஒரு நாட்டில் ஒரு காலத்தில் தோன்றி மக்களின் பாவத்தைத் தீர்த்தார் எனின், பிற உலகத்தார்க்கு மீட்பு எவ்வாறு என்னும் வினா எழுகிறது. இத்தாலியரான ஜோர்தானோ புரூனோ 1600-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் பல. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று கூறியதும் அவற்றுள் ஒன்று.

அம்மதத்தார் இன்றும் அங்கேயே நிற்கின்றனர் என்று கூறுதல் நீதியாகாது. 2008-இல் வத்திகன் வானாய்வுக் கூடத்தின் தலைவராயிருந்த பாதிரியார் ஃபுனெஸ், வேற்றுலக உயிர்கள் உண்டென்று கருதுவது தம் இறைநம்பிக்கைக்கு முரணாகாது என்றார். சிந்திக்கும் மக்கள் எம்மதத்திலும் உளர். அவர்களை இகழ்வது நம் வேலையன்று.

நம் நாட்டு வைதிகத்திற்கோ வேறொரு சிக்கல் உண்டு. ஆதி புருஷனின் வாயிலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன் பிறந்ததாக ரிக்வேதத்துப் புருஷசூக்தம் கூறுகிறது. அந்த நால்வருள்ளும் சேர்க்காமல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர் நாம். நாளைக்கு வேறொரு கிரகத்தில் அறிவுடைய உயிர்கள் காணப்படுமாயின், அவை அப்புருஷனின் எந்த அங்கத்திலிருந்து பிறந்தன என்று கேட்கலாமன்றோ? அவற்றுள் தீண்டத்தக்கவை எவை, தீண்டத்தகாதவை எவை என்று வகுத்துரைக்க எந்தப் புரோகிதர் அங்குச் செல்வார்? இதைக் கேட்டு நீங்கள் நகைக்கிறீர்கள். அங்கே சொல்லின் நகைப்பிற்கு இடமாகும் ஒன்று இங்கே சொல்லின் மட்டும் சாத்திரமாவது எங்ஙனம்?

நம் நூல்களைப் பற்றிய நேர்மை

இனி நம் பக்கம் திரும்புவோம். அங்குத்தர நிகாயத்தில் பகவர் ஆனந்தருக்கு ஆயிரம் உலகங்களின் தொகுதியைப் பற்றி எடுத்துரைக்கிறார். ஆயிரம் சூரியர், ஆயிரம் சந்திரர், ஒவ்வொன்றிலும் உயிர்கள். அத்தகைய தொகுதி ஆயிரம் சேர்ந்தது அதனினும் பெரிய தொகுதி என்று அது விரிகிறது. இதனைப் படித்தவுடன், விஞ்ஞானம் இன்று கண்டதை எம் நூல் அன்றே கூறிற்று என்று மார்தட்டிக்கொள்ளும் ஆசை நமக்கு எழும்.

அவ்வாசையை அடக்குங்கள். அதே இடத்தில் அவ்வுலகம் ஒவ்வொன்றின் நடுவிலும் மேருமலை நிற்பதாகவும், சுற்றிலும் பெருந்தீவுகள் இருப்பதாகவும் கூறப்படுகிறது. விண்கலங்கள் எங்கும் மேருவைக் காணவில்லை. பொருந்தியதை எடுத்துக் காட்டிப் பொருந்தாததை மறைப்பது வழக்காடுவோன் செயல். உண்மை நாடுவோன் செயலன்று. அக்காலத்து மக்கள் உலகத்தைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களைப் பழகிய சொற்களாகக் கொண்டே நம் நூல்கள் அறத்தைக் கூறின. கேசபுத்த நகரத்துக் காலாமர்களுக்குப் பகவர் கற்பித்தது யாது? நூலில் உள்ளது என்பதற்காகவோ, ஆசிரியர் கூறினார் என்பதற்காகவோ ஒன்றை ஏற்காமல், அது நன்மை விளைப்பதா தீமை விளைப்பதா என்று தாமே கண்டு கொள்க என்பதன்றோ? அவ்வறிவுரை நம் பிடகங்களுக்கும் பொருந்துவதே.

அங்ஙனமாயின் தம்மம் எதன்மேல் நிற்கிறது? மாலுங்கியபுத்தர் என்னும் பிக்கு இதை ஒத்த ஐயங்களால் அலைக்கழிக்கப்பட்டார். உலகம் என்றும் உள்ளதா, அன்றா? எல்லை உடையதா, இல்லாததா? விடை கூறாவிடில் துறவை விட்டுச் செல்வேன் என்று பகவரிடமே கூறினார். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்த ஒருவனை உவமை காட்டி அவர் விளக்கினார். எய்தவன் எக்குலத்தான், வில் எம்மரத்தால் ஆயது, இறகு எப்பறவையினது என்று எல்லாம் தெரிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன் என்பவன், அவற்றைத் தெரிந்துகொள்ளுமுன் மாண்டுபோவான்.

இவ்வுவமையைக் கொண்டு, ஆராய்ச்சியே வேண்டாமென்று பகவர் தடுத்ததாகச் சிலர் கூறுவர். அது பிழை. வில்லைப் பற்றிக் கேட்பது குற்றமன்று. அதைக் கேட்டுக்கொண்டு அம்பைப் பிடுங்காதிருப்பதே குற்றம். அவ்வினாக்களுக்கு விடை எதுவாயினும், பிறப்பும் மூப்பும் சாவும் உண்டு, துயரும் அழுகையும் உண்டு, அவற்றை நீக்கும் வழியும் உண்டு என்றே அவர் கூறினார். கவனியுங்கள், சகோதரர்களே! உலகம் ஒன்றா பலவா என்னும் விடையின்மேல் தம் அறத்தை அவர் நாட்டவில்லை. ஆதலின் எவ்விடை வரினும் அது அசைவதற்கில்லை.

வேற்றுலகத்து உயிர் எத்தகையது?

சார்பில் தோன்றுவதே எல்லாம் என்பது நம் தம்மத்தின் உயிர்நாடி. இது இருந்தால் அது உண்டாகும். இது நீங்கினால் அது நீங்கும். தண்ணீரும், வெப்பமும், தகுந்த மூலப்பொருள்களும், நீண்ட காலமும் கூடிய இடத்தில் உயிர் தோன்றுமாயின், அதற்குப் படைப்போன் வேண்டுவதில்லை, சார்புகளே போதும். அவ்வாறு தோன்றிய உயிர் சார்புகளின் வழியே மாறும், தேயும், மடியும். அது உணர்வுடையதாயின் இன்பத்தை நாடும், துன்பத்தை வெறுக்கும். கிடைத்தது நிலையாது என்று கண்டு வருந்தும். அதன் இரத்தம் எந்நிறமாயினும், அதற்குக் கை கால் எத்தனையாயினும், நான்கு உண்மைகளும் அதற்கும் பொருந்தும்.

உயர்ந்த அறிவுடைய வேற்றுலகத்தார் பறக்கும் தட்டுகளில் வந்து நம் துன்பங்களைத் தீர்த்து வைப்பார்கள் என்று எதிர்பார்ப்போரும் இக்காலத்தில் உளர். பழைய தேவர்களுக்குப் புதிய வாகனம் கொடுத்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. தீக நிகாயத்தில் ஒரு பிக்குவின் கதை உண்டு. நாற்பெரும் பூதங்கள் எவ்விடத்து எச்சமின்றி அடங்கும் என்று அறிய விரும்பி, அவர் ஒவ்வொரு தேவருலகமாக ஏறிச் சென்றார். எவரும் அறியாராகி, தமக்கு மேலுள்ளவரிடம் அனுப்பினர். முடிவில் மகாபிரமனே தோன்றி, யாவற்றையும் படைத்தவன் நானே என்று தன் பெருமையை முழக்கினான். கேட்டது அதுவன்று என்று பிக்கு மீண்டும் மீண்டும் வற்புறுத்தவே, அவரைத் தனியே கைப்பற்றி அழைத்துச் சென்று, எனக்கும் தெரியாது, என் தேவர்கள் எதிரில் சொல்ல இயலவில்லை, நீர் பகவரிடமே சென்று கேளும் என்றான். வானத்திலிருந்து விடுதலை இறங்கி வருமென்று காத்திருப்போர்க்கு இக்கதையை விட நல்ல மருந்து இல்லை.

ரோகிதஸ்ஸன் கதையும் ஈண்டு நினைக்கத் தக்கது. முற்பிறப்பில் அவன் பெருவேகமுடைய இருடி. ஒரு கடலிலிருந்து மறு கடலை எட்டும் அளவு நீண்ட அடி வைத்து, நூறாண்டு நடந்தும் உலகத்தின் எல்லையைக் காணாமல் வழியிலேயே மாண்டான். எல்லையை நடந்து அடைய இயலாது. எனினும் அடையாமல் துன்பத்திற்கு முடிவில்லை. சிந்தையும் உணர்வும் உடைய இவ்வாறடி உடலிலேயே உலகமும், அதன் தோற்றமும், அதன் முடிவும், முடிவிற்குச் செல்லும் வழியும் உள்ளன என்று பகவர் அவனுக்கு விளக்கினார். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் கலம், மனிதன் செய்த பொருள்களுள் மிகத் தொலைவு சென்றிருப்பது. அது செல்லும் வேகத்தில், நம் சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடப்பதற்கே எழுபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அறிவின் பொருட்டு அத்தகைய கலங்கள் செல்லட்டும். அவற்றைச் செய்தோரை வாழ்த்துவோம். ஆனால் பொறாமையும் சினமும் மயக்கமும் தீர்வதற்கு எந்தக் கலமும் பயன்படாது. அந்தப் பயணம் இந்த உடலுக்குள்ளேதான்.

சாதுவனும் நாகரும்

வேற்றுலகத்தாரைச் சந்திக்க நேர்ந்தால் எவ்வாறு நடந்துகொள்வது? இதற்கு விடை நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையிலேயே இருக்கிறது. ஆதிரையின் கணவனாகிய சாதுவன், பொருளிழந்து கடல் கடந்து சென்றபோது மரக்கலம் உடைந்து, நாகர் வாழும் மலைத்தீவில் ஒதுங்கினான். அவர்கள் ஆடையில்லாதவர், மனித ஊன் தின்பவர். உறங்கிக் கிடந்தவனைக் கண்டு நல்ல உணவு கிடைத்ததென்று நெருங்கினார்கள். அவனைக் காத்தது வாளன்று. அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தான், அம்மொழியிலேயே பேசினான். வியப்புற்ற அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றார்கள்.

தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுத்து உபசரிக்க முற்பட்டான். சாதுவன் மறுத்தான். இவையின்றி வாழ்வில் யாது இன்பம் என்று தலைவன் வினவ, சாதுவன் சினவாமல், நல்வினை தீவினைகளின் பயனை எடுத்துரைத்தான். கேட்டவன் நகைத்தான்; ஐயங்களை எழுப்பினான். சாதுவன் பொறுமையோடு விளக்கினான். கள்ளையும் ஊனையும் விட்டால் நாங்கள் உயிர்வாழ்வது எங்ஙனம், எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று அவன் கேட்டபோது, உடைந்த கலத்திலிருந்து கரையேறும் மக்களைக் கொல்லாதீர், மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளையன்றிப் பிறவற்றின் உயிரைப் போக்காதீர் என்று அவர்களால் இயன்ற அளவிற்கே அறம் கூறினான். அவர்கள் ஏற்றனர், முன்பு கலம் உடைந்தவர்களிடம் கவர்ந்த பொருள்களையெல்லாம் கொடுத்து வழியனுப்பினர்.

இதனை எண்ணிப் பாருங்கள். தம்மிலும் வேறுபட்டாரைக் கண்டபோது உலகத்து வல்லரசுகள் யாது செய்தன? காட்டுமிராண்டிகள் என்று பெயரிட்டுக் கொன்றன, அடிமைகளாகக் கப்பலேற்றின. நம் நாட்டில், அயலுலகத்தாரும் அல்லர், ஒரே மொழி பேசும் அயல் தெருவாரைத் தீண்டாதவர் என்று பெயரிட்டுத் தள்ளினர். சாதுவனோ உயிரைத் தின்ன வந்தவனையும் கேட்கத் தகுந்தவனாகக் கொண்டான். அவன் மொழியில் பேசினான். அவன் நகைப்பையும் பொறுத்தான். வேற்றுலகத்தாரை எதிர்கொள்வதற்கு மனித குலத்திற்கு வேண்டிய பண்பு அதுவே. அப்பண்பை இங்கே பழகாதவன் அங்கே சென்று காட்டப் போவதில்லை.

சுத்தநிபாதத்தில் வாசெட்டருக்குப் பகவர் கூறிய அறவுரையும் இதனோடு சேர்ந்ததே. புல்லும் மரமும், புழுவும் பூச்சியும், நாற்காலிகளும், மீன்களும், பறவைகளும் பிறப்பினாலேயே வெவ்வேறு குறிகளை உடையன. மனிதர்க்குள் அத்தகைய வேறுபாடு எதுவும் இல்லை. இவனை உழவன், இவனை வணிகன் என்பது செய்தொழிலால் வந்த பெயரே என்று அவர் விளக்கினார். இன்று உயிர்நூல் வல்லோர், பூமியிலுள்ள உயிர்கள் யாவும் ஏறத்தாழ ஒரே மரபுக் குறிமுறையால் ஆனவை என்கின்றனர். வேற்றுலகத்தில் ஓர் உயிர் காணப்படுமாயின், அதுவே உண்மையில் வேறு சாதியாகும். அதன் முன்னிலையில் இப்பூமியின் மக்கள் அனைவரும், ஏன், புழு பூச்சிகளும்கூட, ஒரே வீட்டுப் பிள்ளைகளே.

நம் வீட்டிற்குள் இருக்கும் செவ்வாய்

சகோதரர்களே, தொலைவிலுள்ள கிரகங்களைப் பேசினோம். இனி நம் வீட்டிற்குள் குடியிருக்கும் கிரகத்தைப் பேசுவோம்.

2013 நவம்பர் 5-ஆம் நாள் நம் நாட்டார் மங்கள்யான் என்னும் கலத்தை ஏவினர். 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் அது செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அது அனுப்பிய படங்களை உலகமே கண்டது. செவ்வாய் நம் பூமியின் குறுக்களவில் பாதியளவே உள்ள குளிர்ந்த உலகம். துருப்பிடித்த இரும்பின் துகளால் சிவந்தது. அங்கே உயிர் உண்டோ என்று அறிஞர்கள் தேடுகின்றனர். இங்கேயோ அதே செவ்வாயின் பெயரால் உயிருள்ள பெண்களின் வாழ்வு முடக்கப்படுகிறது.

படித்து, செவிலியாகவோ ஆசிரியையாகவோ பணிபுரியும் ஒரு மகள் நம் இல்லத்தில் இருக்கிறாள் என்று கொள்வோம். நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேச வருகிறார்கள். மாப்பிள்ளை பௌத்தன், பெண் பௌத்தப் பெண், வீட்டுச் சுவரில் பகவரின் படமும் பாபாசாகேபின் படமும் இருக்கின்றன. எல்லாம் பொருந்தியபின், ஒரு முதியவர் மெல்ல ஜாதகத்தைக் கேட்கிறார். ஏழிலோ எட்டிலோ செவ்வாய் இருப்பதாக ஒரு சோதிடன் கூறிவிட்டால், வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். மறுமுறை வருபவர்களிடம் அவளே குற்றவாளி போல் நிறுத்தப்படுகிறாள். ஆண்டுகள் கழிகின்றன. அவள் செய்த பிழை யாது? பிறந்தபோது கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாறையுலகம் தன் பாதையில் சென்றுகொண்டிருந்ததே பிழையா?

பிறப்பினால் ஒருவன் இழிந்தவன் என்று கூறிய சாத்திரத்தை நாம் கொளுத்தினோம். பிறந்த நேரத்தினால் ஒருத்தி தீமை விளைப்பவள் என்று கூறும் சாத்திரத்தை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது என்ன நியாயம்? இரண்டும் ஒன்றே. செய்கையைப் பாராமல் பிறப்பைப் பார்த்துத் தண்டனை விதிப்பதே இரண்டின் வேலையும். நம்மை நசுக்கிய கல்லை எடுத்து நம் மகளின் தலையில் நாமே வைக்கிறோம்.

கோளும் நாளும் பார்த்துப் பலன் கூறிப் பிழைப்பதைத் தாழ்ந்த கலை என்று தீக நிகாயம் விலக்குகிறது. நட்சத்திர ஜாதகம் என்னும் கதையில், நகரத்தார் சிலர் நாட்டுப்புறத்தில் பெண் பேசி நாளும் குறித்துவிட்டு, பின்னர் தம் குடும்பத்து ஆசீவகத் துறவியிடம் நாள் எப்படி என்று வினவினர். தன்னை முன்னரே கேட்கவில்லை என்னும் மனக்குறையால் அவன், இன்று நாள் நன்றன்று என்று கூறிவிட்டான். மணமகன் வீட்டார் செல்லவில்லை. காத்திருந்து பார்த்த பெண் வீட்டார் வேறொருவனுக்கு மணம் முடித்துவிட்டனர். மறுநாள் வந்து சண்டையிட்டவர்களிடம் அறிவுடையான் ஒருவன், மங்கலம் என்பது அந்தப் பெண்ணை அடைவதன்றோ, விண்மீன் உங்களுக்கு யாது செய்யும் என்று கேட்டான். இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் நூலில் இருக்கும் கதை இது. நாம் அதைப் படித்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம்.

விஞ்ஞானப் பேராசிரியராயிருந்து 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை நூலாக எழுதிய லட்சுமி நரசு அவர்களும், தங்கவயலில் தம்மத்தைப் பரப்பிய அப்பாதுரையார் அவர்களும், அவர்கட்கு முன்னே 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரும் மூடநம்பிக்கையோடு உறவாடுவதற்காக உழைக்கவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளை மக்களுக்கு அளித்தது, பழைய தளையின் ஒரு கண்ணியும் புதிய வாழ்வில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே.

அருகிலிருந்து தொடங்கும் மைத்திரி

நாம் மைத்திரி பாவனை செய்யும்போது, கண்ணுக்குப் புலனாகும் உயிர்கட்கும் புலனாகாத உயிர்கட்கும், அண்மையில் உள்ளனவற்றிற்கும் சேய்மையில் உள்ளனவற்றிற்கும், பிறந்தனவற்றிற்கும் இனிப் பிறப்பனவற்றிற்கும் நலம் வேண்டுகிறோம். இதில் வேற்றுலக உயிர்களும் அடங்கும். அவை உண்டென்று உறுதியானாலும் நம் பாவனையில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. இல்லையென்று தெளிந்தாலும் இழப்பொன்றுமில்லை.

ஆனால் மைத்திரி விளக்கைப் போன்றது. அது முதலில் அருகிலுள்ள பொருளையே காட்டும். கழிவுநீர்க் குழியில் மனிதனை இறக்கும் வேலைக்கு எதிராக 2013-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் நம் சகோதரர்கள் அக்குழிகளில் மூச்சடைத்து மாண்டிருக்கிறார்கள். நூற்றிருபத்து நான்கு ஒளியாண்டிற்கு அப்பால் உயிர் உண்டோ என்று வியப்பவன், தன் தெருவின் குழிக்குள் இறங்குபவனுக்கு உயிர் உண்டென்பதை முதலில் உணர வேண்டும். அவ்வாறு உணர்ந்தவனுக்கே வானத்தைப் பற்றிய வியப்பும் அழகு தரும்.

ஆதலின் இப்பௌர்ணமியில் மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன். நம் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, வானநூலும் உயிர்நூலும் கற்கட்டும். அவர்கள் கேட்கும் வினாவை அதட்டி அடக்காதீர்கள். இல்லத்தில் ஜாதகக் கட்டு இருக்குமாயின், அதை அடுத்த சம்பந்தப் பேச்சிற்கு முன் அப்புறப்படுத்துங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், எங்கள் மகளின் குணத்தையும் கல்வியையும் கேளுங்கள் என்று கூறுங்கள். மூன்றாவதாக, தினந்தோறும் மைத்திரி பாவனை செய்து முடித்தவுடன், அன்று யாருக்கு நாம் ஒரு நன்மை செய்தோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு என் விடை இதுவே. வேற்றுலகங்களில் உயிர் இருந்தால் அவையும் துயருறும். துயருறுமாயின் அவற்றிற்கும் தம்மம் உண்டு. இல்லாவிடின், இப்பரந்த வெளியில் உயிர் தங்கிய இந்தச் சிறு பூமியை இன்னும் அதிகக் கருணையோடு காக்கும் பொறுப்பு நம்முடையது. எவ்வாறாயினும், நாளைக் காலையில் நாம் செய்யவேண்டிய கடமை மாறுவதில்லை.

இவ்வுலகத்திலும் எவ்வுலகத்திலும் உள்ள உயிர்கள் யாவும் பகையின்றி, பயமின்றி, நலமாக வாழ்வனவாகுக!

சாது! சாது! சாது!